முதலாளி நம் ஊர்க்காரராக இருப்பது தொழிலாளிக்கு நல்லதா?

வெர்னியர் (கேள்வி)

வணக்கம். உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் முந்நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் இருப்போம். இதுவரை கம்பெனியை நடத்தியவர் இதே ஊரில் பிறந்தவர், இங்கேயே படித்தவர், ஆலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பவர். விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருந்தாலும் எங்களுக்கு அவர் முதலாளிதான். இப்போது பெரும்பங்கு ஒரு பெரிய குழுமத்துக்குக் கைமாறுகிறது. புதிய தலைமை அதிகாரி வெளியிலிருந்து வருகிறார். குடும்பம் வேறு நகரத்தில். வாரத்துக்கு இரண்டு நாள்தான் இங்கே இருப்பாராம்.

கேன்டீனில் ஆரம்பித்து வண்டி நிறுத்துமிடம் வரை ஒரே பேச்சு: "நம்ம ஆள் போயிட்டா, நாமும் போனோம்." எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் பயம் மட்டும் இல்லை. அதைத்தான் இங்கே சொல்லிக் கேட்கலாம் என்று வந்தேன்.

ஒரு சமயம் ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்துக் கம்பெனிகள் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. முதலாளி எங்களை டெஸ்பாட்ச் முற்றத்தில் நிற்கவைத்து, "யாரையும் அனுப்பமாட்டேன். வாரம் நாலு நாள்தான் வேலை இருக்கும், நாலு நாள் சம்பளம்தான் தருவேன். எனக்கும் அதே கணக்குதான்" என்றார். ஏழு மாதம் அப்படி ஓடியது. ஒருவர்கூட வேலை இழக்கவில்லை. அன்று அந்த முற்றத்தில் நின்ற யாருக்கும் அது மறக்காது. எனக்கும் மறக்காது.

இன்னொன்றும் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்கு இடது கை விரல் இரண்டு நசுங்கிவிட்டது. கை உள்ளே போகாமல் காக்கிற சென்சார் கார்டை, அதாவது பாதுகாப்புத் தடுப்பை, கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், உற்பத்தி எண்ணிக்கைக்காக. நான் அளவு பார்க்கிற கேஜ் எடுக்கப் போனவள், பத்தடி தூரத்தில் இருந்தேன். முதலாளி ஓடி வந்தார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. தன் வண்டியின் பின் சீட்டில் அவனைப் படுக்கவைத்து, கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள என்னையும் ஏறச் சொன்னார். ராத்திரி பதினொரு மணி வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். செலவு முழுவதும் அவருடையதுதான். அந்தப் பையனின் அம்மா கையைப் பிடித்து அழுதபோது அவரும் அழுதார். நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மறுவாரம் விபத்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்தத் தேதியில் ஒன்றும் இல்லை. முந்தின பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் வெறும் கோடு. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "முதலாளி எவ்வளவு செய்திருக்கார், இதைப் போய் எழுதணுமா அக்கா?" என்றார். பையன் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. சாட்சியாக எழுதவேண்டியவள் நான். நானும் எழுதவில்லை.

இப்போது அந்தக் கை சரியாக மடங்குவதில்லை. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு கேட்க வேண்டும் என்றால், வேலை நேரத்தில் ஆலைக்குள் நடந்தது என்பதற்கு ஒரு வரி ஆதாரம் வேண்டும். அது கிடையாது. முதலாளி இருக்கும்வரை பையனுக்கு லேசான வேலை கொடுத்து வைத்திருந்தார். புதியவருக்கு அவன் யார்? ஒரு பணியாளர் எண். உற்பத்தி குறைவாக இருக்கிற ஒரு எண்.

அந்தச் சமயத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். முதலாளி என் மகள் படிக்கிற பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவில் இருக்கிறார். என் தம்பி வேலை பார்க்கிற வங்கியில் அவர்தான் பெரிய வாடிக்கையாளர். எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் அவராகவே இருக்கிறார். அவர் மிரட்டவே இல்லை, அப்படிப்பட்ட மனிதரே இல்லை. ஆனாலும் எனக்குக் கை வரவில்லை.

கேள்வி இதுதான். தலைமையில் இருப்பவர் ஊரோடு ஒட்டியிருப்பது தொழிலாளிக்கு உண்மையில் நல்லதா? இதை யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா? திங்கட்கிழமை எங்கள் கமிட்டி, பழைய முதலாளியையும் புதியவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசப் போகிறது. எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்பது?

---

முன்னாள்_எச்.ஆர்.

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மனிதவளப் பிரிவில் முப்பது வருடத்துக்குப் பக்கம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். முதலில் ஆராய்ச்சி பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் கண்ணால் பார்த்தது.

நீங்கள் கேட்ட கேள்வியை நிதித்துறைப் பேராசிரியர்கள் நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். லாண்டியே, நாயர், வுல்ஃப் என்ற மூவர் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் கிளைகள் உள்ள நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, தலைமையகத்துக்கும் கிளைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தார்கள். தலைமையகத்துக்குக் கிட்டே இருக்கிற பிரிவுகளில் ஆட்குறைப்பு குறைவு. தலைமையகம் உள்ள அதே மாநிலத்தில் இருக்கிற பிரிவை விற்கவும் நிறுவனங்கள் தயங்கின. அதற்கப்புறம் 2017-இல் ஸ்காட் யோங்கர் என்பவர் இன்னும் நேராகவே உங்கள் கேள்விக்குள் போனார். தலைமை அதிகாரி சின்ன வயதில் வளர்ந்த இடம் எது, அதன் பக்கத்தில் இருக்கிற யூனிட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். தொழில் நொடிக்கிற காலத்தில், அந்த யூனிட்டில் வேலையும் சம்பளமும் குறைவாகத்தான் வெட்டப்பட்டன; அதே கம்பெனியின் மற்ற யூனிட்டுகளில் அதைவிட அதிகமாக வெட்டப்பட்டன. உங்கள் டெஸ்பாட்ச் முற்றத்தில் நடந்தது உங்கள் முதலாளியின் தனிக்குணம் மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் யோங்கரின் அதே கட்டுரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தச் சலுகை, மேற்பார்வை பலவீனமாக இருந்த நிறுவனங்களில்தான் தென்பட்டது. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் தலைவர் தன் ஊருக்குச் சாதகமாக நடந்துகொள்ள முடிகிறது. பங்குதாரர் கண்ணிலிருந்து பார்த்து அவர் இதைக் குறையாக எழுதினார். நான் இதைத் தொழிலாளி கண்ணிலிருந்து படிக்கிறேன். யாரும் கேட்காததால் உங்கள் வேலை தப்பியது. அதே போல யாரும் கேட்காததால்தான் அந்தப் பதிவேட்டில் வெறும் கோடு. இரண்டும் ஒரே கை செய்த வேலை.

இனி நான் பார்த்தது. என் இரண்டாவது கம்பெனியில் தலைவர் உங்களுடையவரைப் போலவே உள்ளூர்க்காரர். அறுபது பேரை அனுப்ப வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பட்டியலோடு அவர் அறைக்குப் போனேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். "இவன் அப்பாதான் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்" என்று ஒரு கோடு. "இந்தப் பொண்ணுக்குப் போன மாசம்தான் நிச்சயம் ஆச்சு" என்று ஒரு கோடு. ஒரு பெயரில் வெகுநேரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, கோடு போட்டார். ஒரு மணி நேரத்தில் அறுபது முப்பத்தெட்டாக ஆனது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மீதி இருபத்திரண்டை அந்த யூனிட்டில் எடுத்துக்கங்க" என்றார். அந்த யூனிட் நானூறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே யாரும் அவருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர்கள் இல்லை. நான்தான் அந்த இருபத்திரண்டு பெயரை எழுதினேன்.

மூன்றாவது கம்பெனியில் நேர் எதிர். தலைமையகம் வேறு நாட்டில். ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு மெயிலில் எக்ஸெல் கோப்பு வந்தது. பணியாளர் எண், பிரிவு, கடைசி வேலை நாள். பெயருக்குப் பத்தியே இல்லை. எண்களை வைத்து நான் பெயர்களைத் தேடி எழுதிக்கொண்டே வந்தேன். அதில் ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்னால் இறந்துபோனவர். அவருடைய மாலையை நான்தான் கொண்டுபோய் வைத்திருந்தேன். அவருக்கும் கடைசி வேலை நாள் போட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. அந்த எக்ஸெல் கம்பெனியில் கிளம்பியவர்களுக்குக் கொடுத்த தொகை அதிகம், எல்லோருக்கும் ஒரே கணக்கு, பத்து நாளில் வந்துவிட்டது. பென்சில் கம்பெனியில் யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் போய் அழுததைப் பொறுத்து இருந்தது. அழத் தெரியாதவர்களுக்குக் குறைவு.

திங்கட்கிழமை என்ன கேட்பது என்பதை யோசித்து, நாளைக்கு எழுதுகிறேன்.

---

வெளியூரான்

எச்.ஆர். சார், அந்த இருபத்திரண்டில் நான் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

ஒரு உள்ளூர்த் தலைவரின் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தேன். நல்ல மனிதர். என் பெயர் தெரியும், குழந்தை பெயர் தெரியும். ஆனால் கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்படும். முடிவு எடுக்கப்படுவது முந்தின நாள் சாயங்காலம் பேட்மிண்டன் கோர்ட்டில். அங்கே அவரோடு பள்ளியில் படித்த நான்கு பேர் ஆடுவார்கள், நால்வரும் எங்கள் மேலாளர்கள். என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஒருமுறை போனேன். நான் போனதும் பேச்சு மழையைப் பற்றி ஆனது.

மூன்று வருடம் தொடர்ந்து மதிப்பீட்டில் முதல் இடம். பதவி உயர்வு வேறு ஒருவருக்கு. காரணம் கேட்டேன். "அவன் இங்கேயே இருப்பான்ப்பா, நீ இன்னைக்கு இருப்பே நாளைக்குப் போயிடுவே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மறு வருடம் போய்விட்டேன். அவர் சொன்னது சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

வெர்னியர் அக்கா, புதியவரைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் ஆலையில் என்னைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் "நம்ம ஆள் போயிட்டா" என்று சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

---

ஷிஃப்ட்_பி

தோழர், நான் சங்க வேலையில் இருப்பவன். ஊர்ப்பற்று உள்ள முதலாளி என்றதும் எங்களுக்கு இரண்டு கதை ஞாபகம் வரும்.

ஒன்று புல்மேன். அமெரிக்காவில் ரயில் பெட்டி செய்தவர். சிகாகோ பக்கத்தில் தொழிலாளிகளுக்காக ஒரு ஊரையே கட்டினார். நல்ல வீடு, நூலகம், பூங்கா, எல்லாம் அவருடையது. 1893-இல் பொருளாதாரம் படுத்தது. கூலியை வெட்டினார். வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. 1894-இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்து நாட்டின் ரயில் போக்குவரத்தில் பெரும்பகுதி நின்றது. 1898-இல் நீதிமன்றம், ஆலைக்குத் தேவையில்லாத ஊர்ச் சொத்துகளை விற்றுவிடச் சொல்லி உத்தரவிட்டது. கூலி கொடுப்பவரும் வாடகை வாங்குபவரும் ஒருவரே என்றால், தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? நீங்கள் சொன்ன கதவு விஷயம்தான், அக்கா. உங்களிடம் பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி. அங்கே வீடும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது ஹெர்ஷி, சாக்லேட் கம்பெனி. பென்சில்வேனியாவில் கம்பெனி பெயரிலேயே ஊர். 1937-இல் தொழிலாளிகள் ஆலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் தேங்கியது. ஆலைக்குப் பால் ஊற்றும் விவசாயிகளும் கம்பெனி பக்கம் நின்ற ஊழியர்களும் கூட்டமாக உள்ளே புகுந்து, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து வெளியேற்றினார்கள். முதலாளி ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறாரோ, வேலைநிறுத்தம் செய்கிறவன் ஊருக்கே எதிரி ஆகிவிடுகிறான்.

ஆனால் அதே ஹெர்ஷியில் 2002-இல் வேறு மாதிரி நடந்தது. கட்டுப்பாட்டுப் பங்கை வைத்திருந்த அறக்கட்டளை கம்பெனியை விற்கப் பார்த்தது. தொழிலாளிகள், ஊர்க்காரர்கள், பழைய நிர்வாகிகள், மாநில அரசு வழக்கறிஞர் வரை எல்லோரும் எதிர்த்தார்கள். விற்பனை நின்றது. அங்கே காப்பாற்றியது ஒரு முதலாளியின் மனசு இல்லை, முதலாளி இறந்து ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அறக்கட்டளைப் பத்திரம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தெருவில் ஆள் இருந்தது. பந்தத்தை மனசில் வைக்காமல் காகிதத்தில் வைத்திருந்தார்கள்.

வெளியிலிருந்து வருகிறவரைப் பற்றியும் ஒன்று. போயிங் கம்பெனி 2001-இல் தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியது. விமானம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கணக்குப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆனதைப் பற்றி அப்புறம் பலரும் பேசினார்கள். 2024-இல் புதிதாக வந்த தலைமை அதிகாரி கெல்லி ஆர்ட்பெர்க், தான் சியாட்டிலில்தான் இருப்பேன் என்றார். நல்ல முடிவு. ஆனால் அவர் வந்த அடுத்த மாதமே முப்பத்து மூவாயிரம் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஐம்பது நாளுக்கு மேல் நீடித்தது. அதற்கு நடுவிலேயே பத்து சதவீத ஆட்குறைப்பு அறிவிப்பும் வந்தது. வீட்டைக் கிட்டே வைத்தால் மட்டும் போதாது.

---

நாற்பது_பேர்

எதிர்த்தரப்பிலிருந்து எழுதுகிறேன். சிறிய நிறுவனம் நடத்துகிறேன், நாற்பது பேர். அதே ஊரில் இருக்கிறேன்.

மேலே எழுதியவர்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அது வெட்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது. அன்றே எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் நடக்கப் போகும்போது எதிரில் வருகிறவர்கள் என் ஊழியர்களின் அப்பா, அம்மா. அவர்கள் சிரிக்கும்போது என்னால் முகம் மாற்ற முடியவில்லை. கடன் வாங்கினேன், இன்னும் கடன் வாங்கினேன். கடைசியில் ஆறு பேரை அனுப்பியபோது அவர்களுக்கு ஒரு வாரம்கூட முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. எனக்கோ நான்கு மாதமாகத் தெரியும். வெளியூர் மேலாளர் ஒருவர் இருந்திருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பார், அவர்களும் வேறு வேலை தேடியிருப்பார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் இன்னும் என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து போகிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மாசசூசெட்ஸில் லாரன்ஸ் ஊரில் மால்டன் மில்ஸ் என்று ஒரு துணி ஆலை இருந்தது. ஆரன் ஃபாயர்ஸ்டைன் என்பவர் நடத்தினார், தாத்தா காலத்துக் கம்பெனி. 1995 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், வயது எழுபது. அவர் அங்கேயே திரும்பக் கட்டுவேன் என்றார், வேலை இல்லாத மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்தார். அந்தக் கதையை எனக்கு நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். 2001-இல் அந்தக் கம்பெனி கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனதையும், அப்புறம் அவர் கையைவிட்டே போனதையும் சொல்பவர்கள் குறைவு. அவர் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. ஆனால் கணக்கைத் தொழிலாளிகளுக்கும் திறந்து காட்டியபடி நல்லது செய்ய வழி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது என் கம்பெனியில் மாதத்துக்கு ஒருமுறை கையிருப்பு எத்தனை வாரத்துக்கு வரும் என்று போர்டில் எழுதுகிறேன். முதல் தடவை எழுதும்போது மார்க்கர் பிடித்த கை நடுங்கியது.

அம்மா, உங்கள் முதலாளியிடம் அந்தப் பையன் விஷயத்தைக் கேளுங்கள். அவர் அதைத் தினமும் நினைத்துக்கொண்டுதான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

முன்னாள்_எச்.ஆர்.

சொன்னபடி எழுதுகிறேன். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். பழையவர் வாயால் கொடுத்த வாக்குகளை அவர் போவதற்குள் எழுத்தாக்க வேண்டும், அதற்குத்தான் திங்கட்கிழமை. யாருக்கு லேசான வேலை, யாருக்கு முன்பணம் பாக்கி, யாருக்கு ஷிஃப்ட் மாற்றம் என்று அவர் மனசுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அது வேறு எங்கேயும் இல்லை. பங்கு கைமாறும்போது மெஷின், நிலம், கடன் எல்லாம் கணக்கில் ஏறும். இந்தப் பட்டியல் மட்டும் ஏறாது. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் இரு தரப்புக்கும் அது பேரத்தில் ஒரு விஷயம். பின்னால் கேட்டால் பழைய கதை.

அந்தப் பையனுக்காக: பதிவேட்டில் பழைய தேதியைப் போட்டு இப்போது எழுதக் கூடாது, அது வேறு குற்றமாகிவிடும். இன்றைய தேதியில், அன்று இன்னது நடந்தது, அன்று பதியவில்லை என்று ஒரு கடிதம். முதலாளி கையெழுத்து, சாட்சியாக உங்கள் கையெழுத்து. ஆஸ்பத்திரி ரசீது அவர் பெயரில்தானே இருக்கும், அதையும் இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் காலக்கெடு தாண்டிவிட்டதா, தாமதத்துக்கு விலக்கு உண்டா என்று ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

புதியவரிடம் ஒன்றே ஒன்று. அவர் வராத நாட்களில், ஆலையில் யாரிடம் முறையிடுவது, அவர் எத்தனை நாளில் பதில் சொல்வார். அந்த ஆள் பழையவரின் உறவோ, நண்பரோ, மேலாளர்களில் ஒருவரோ ஆக இருக்கக் கூடாது.

---

வெர்னியர்

எல்லோருக்கும் நன்றி. வெளியூரான் தம்பி சொன்னதைச் செய்தேன். பெயின்ட் ஷாப்பில் இருக்கிற, வேறு இடங்களிலிருந்து வந்தவர்களிடம் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். பதினான்கு வருடத்தில் அவர்கள் மேஜையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாரும் "நம்ம ஆள்" என்று சொல்லவில்லை. நாலு நாள் வேலைத் திட்டம் ஓடியபோது, ஒப்பந்தத்தில் இருந்த பதினொரு பேர் அதற்கு முந்தின வாரமே நிறுத்தப்பட்டார்களாம். முற்றத்துக் கூட்டத்துக்கு அவர்கள் இல்லை. "ஒருவர்கூட வேலை இழக்கவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறேன். அது தப்பு. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன். ஒரு பக்கம். சென்சார் கார்டு கழற்றியிருந்ததையும் எழுதியிருக்கிறேன், நான் பதியாமல் விட்டதையும் எழுதியிருக்கிறேன்.

---

வெர்னியர் (திங்கட்கிழமை இரவு)

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

கடிதத்தை முதலாளி முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அறையில் யாரும் பேசவில்லை. குழுமத்தின் வழக்கறிஞர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார். "பிரஸ் நம்பர் ஏழு. நீ ஆறுன்னு எழுதியிருக்கே" என்றார். பேனாவால் திருத்தி, திருத்தத்தின் பக்கத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டார். ரசீதுகள் வீட்டில் இருக்கின்றன, காலையில் கொடுத்தனுப்புகிறேன் என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது வாசலில் மட்டும், "ரெண்டு வருஷம் ஆச்சேம்மா" என்றார். அது என்னைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நாற்பது_பேர் ஐயா, நீங்கள் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

வாக்குப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர ஒப்புக்கொண்டார். ஒப்பந்தத்தில் இருந்த பதினொரு பேரைப் பற்றியும் கேட்டேன். அவர்களில் நான்கு பேரின் பெயர்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. மீதியைப் பழைய கூலிப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

புதியவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை, குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். முறையீட்டுக்கு ஆள் நியமிப்பது பற்றி "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை, கமிட்டி திரும்பக் கேட்கும். ஆனால் கூட்டம் முடிகிற நேரத்தில் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம், "பதிவேட்டில் ஏறாதது இது போல இன்னும் எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு நேரில் தெரிந்து இரண்டு. சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.